கோணத்தைத் தொடாதே, மாப்ளே

அக்கா பிள்ளைகள் இருவரும் பரீட்சை லீவுக்கு வந்திருந்தபோது என் பழைய ஹார்டு டிஸ்கைக் குடைந்து ‘ஸ்கார்ச்டு எர்த்’தைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒரு மலை, இந்தப் பக்கம் ஒரு டாங்கி, அந்தப் பக்கம் ஒரு டாங்கி, இரண்டு பேருக்கும் ஒரே கீபோர்டு. நான்கு நாளில் இரண்டு பெரிய சண்டை நடந்தது, திரையில் அல்ல, எங்கள் வீட்டுக் கூடத்தில். ஊருக்குப் போன பிறகும் போனில் சந்தேகம் ஓயவில்லை. கடைசியில் உட்கார்ந்து எழுதியே அனுப்பிவிட்டேன். அதுதான் இது. மாப்ளே என்பது அண்ணன், பாப்பா என்பது தங்கை.

1. முதலில் யார் செய்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் வெண்டெல் ஹிக்கன் என்பவர் 1991-ல் டாஸ் கணினிக்காக எழுதியது. கடைசிப் பதிப்பு 1.5, 1995-ல் வந்தது. ஷேர்வேர்: நகல் எடுத்து நண்பருக்குக் கொடு, பிடித்திருந்தால் எனக்குப் பணம் அனுப்பு என்கிற வியாபாரம். நாங்கள் முதல் பாதியை மட்டும் ஒழுங்காகக் கடைப்பிடித்தோம். ‘எல்லா விளையாட்டுகளுக்கும் தாய்’ என்று முகப்பிலேயே போட்டுக்கொண்டது. அது வளைகுடாப் போர் நடந்த ஆண்டு. ‘போர்களுக்கெல்லாம் தாய்’ என்று சதாம் உசேன் சொன்னது உலகம் முழுக்க அடிபட்டுக்கொண்டிருந்தது. கோணமும் வேகமும் கொடுத்துக் குண்டு எறிகிற விளையாட்டுகள் அதற்கும் முன்பே, 1970-களிலேயே பேசிக் மொழியில் இருந்தன. ஆனால் இவ்வளவு எண்களை ஆடுகிறவன் கையில் கொடுத்ததில்தான் இதன் பெருமை.

2. இன்றைய கணினியில் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளுக்குள்தான் இது ஓடும். குண்டு மின்னல் மாதிரிப் பறந்தால் கண்ட்ரோல் எஃப்11 அழுத்தி வேகத்தைக் குறைக்கவும். அதிகமாகக் குறைந்துவிட்டால் கண்ட்ரோல் எஃப்12. குண்டு போகிற பாதை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கீழே நான் சொல்லப்போகும் எதுவும் பயன்படாது.

3. கோணத்தைத் தொடாதே, மாப்ளே. உன் தங்கையிடம் நீ தோற்றதற்கு இது ஒன்றுதான் காரணம். முதல் குண்டு குறி தவறியதும் கோணத்தையும் மாற்றுகிறாய், பவரையும் மாற்றுகிறாய். அடுத்த குண்டு வேறெங்கோ விழுகிறது. எதனால் அங்கே விழுந்தது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவளோ கோணத்தை ஒரு முறை வைத்துவிட்டுப் பவரை மட்டும் ஏற்றி இறக்கினாள். மூன்றாவது குண்டு உன் தலையில்.

பீரங்கிக்காரர்கள் பழைய நாளில் செய்ததும் இதுதான். ஒன்று தாண்டி விழட்டும், ஒன்று முன்னால் விழட்டும், அடுத்ததை இரண்டுக்கும் நடுவில் போடு. ஒரு குண்டு தவறினால் வீண் என்று நினைக்காதே, அது எங்கே விழுந்தது என்று பார்.

கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன். காற்று இல்லாத சமதரையில் 45 டிகிரியில் எறிந்தது மிகத் தூரம் போகும். 30-ம் 60-ம் ஒரே இடத்தில்தான் விழும். ஒன்று தாழப் பறந்து சீக்கிரம் போகும், மற்றது உயரப் போய் மெதுவாக இறங்கும். பவரை இரண்டு மடங்காக்கினால் தூரம் நான்கு மடங்கு. பத்தில் ஒரு பங்கு கூட்டினால் தூரம் நூற்றுக்கு 21 கூடும். ஆகவே 500-ல் எறிந்தது எதிரிக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தால் 600-க்குத் தாவாதே. 520 வைத்துப் பார். அடுத்த வருடம் பிளஸ் ஒன் இயற்பியலில் எறிபொருள் பாடம் வரும்போது இதே கணக்கு உன் முன்னால் வந்து நிற்கும். அன்றைக்கு மாமா ஞாபகம் வரட்டும்.

4. காற்று. பாப்பாவுக்கு இது. திரையில் காற்றின் திசையும் எண்ணும் காட்டும், நீ பார்ப்பதே இல்லை. குண்டு எவ்வளவு நேரம் மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் காற்று அதைத் தள்ளும். நேரம் இரண்டு மடங்கானால் தள்ளல் நான்கு மடங்கு. பலமான காற்றில் செங்குத்தாக எறிந்தால் சில சமயம் குண்டு திரும்பி வந்து உன் தலையிலேயே விழும். அதைப் பார்த்து அண்ணன் சிரித்தான் என்று போனில் அழுதாய். தாழ எறி. நடுவில் மலை நின்று தாழ எறிய விடவில்லை என்றால், காற்றுக்கு எதிர்ப்பக்கமாகக் குறியைத் தள்ளி வைத்து, பிறகு மூன்றாவது அறிவுரையைப் படி.

5. டாங்கியின் உயிர் 100 என்றால் பவர் 1000 வரை போகும். உயிர் 50 ஆனால் பவரும் 500-க்கு மேல் ஏறாது. இது பலருக்கும் கடைசி வரை பிடிபடாத விஷயம். பாதி பவர் என்றால் தூரம் கால்வாசி, மேலே சொன்னேன் அல்லவா? அடி வாங்கியவனுக்கு எதிரி எட்டாமலே போய்விடுவான். திரையின் இரண்டு ஓரத்திலும் நிற்கும்போது முதல் அடி யாருடையதோ ஆட்டம் பெரும்பாலும் அவர்களுடையது. அதனால் கடையில் பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உயிர் கொஞ்சம் ஏறும், கூடவே பவரும் ஏறும்.

6. இனி கடை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் வருகிற கடைதான் இந்த விளையாட்டின் பாதி ருசி.

முதலில் பாராசூட். டாங்கிக்கு அடியில் இருக்கிற மண்ணைக் குண்டு பறித்துவிட்டால் டாங்கி கீழே விழும், விழுந்தால் அடிபடும். எதிரியை நேராக அடிக்கத் தெரியாதவன் அவன் காலடி மண்ணைத் தோண்டியே கொன்றுவிடலாம். டிக்கர், சாண்ட்ஹாக் என்ற ஆயுதங்கள் மண்ணைக் குடைவதற்கென்றே இருப்பவை. மாப்ளே நியூக் என்ற அணுகுண்டு வாங்கிய காசில் எத்தனை பாராசூட் வாங்கியிருக்கலாம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

இரண்டாவது ரயட் சார்ஜ். எதிரி உன் மேல் ஒரு வண்டி மண்ணைக் கொட்டி மூடிவிட்டான் என்று வை. உள்ளிருந்து சாதாரணக் குண்டைச் சுட்டால் அது அங்கேயே வெடித்து உன்னையே முடித்துவிடும். ரயட் சார்ஜ் டாங்கியைச் சுற்றியுள்ள மண்ணை மட்டும் அகற்றும். நான் இதைக் கற்றுக்கொண்டது என் சொந்த டாங்கி வெடித்துத்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், பாவம், புரையேறிவிட்டது.

மூன்றாவது, நிலத்தைப் பார்த்து வாங்குங்கள். எதிரி பள்ளத்தில் இருந்தால் ரோலர்: மேட்டில் விழுந்து சரிவில் உருண்டு போய் அவனைத் தேடிப் பிடிக்கும், குறி சரியாக இருக்க வேண்டியதில்லை. நேபாம் என்ற நெருப்புக் குழம்பும் பள்ளம் பார்த்து ஓடும். எதிரி உச்சியில் இருந்தால் இரண்டும் வீண், வழிந்து உன் பக்கமே வந்தாலும் வரும். நேபாம் என்கிற பெயரைத் திரையில் படித்துவிட்டுக் கடந்து போகாதீர்கள். வியட்நாமில் நிஜமாகவே ஊர்கள் மேல் போட்டது அது. விளையாட்டில் நானும்தான் எறிந்திருக்கிறேன், ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்தால் கை கொஞ்சம் தயங்கும்.

எம்ஐஆர்வி உச்சிக்குப் போய்ப் பல குண்டுகளாகப் பிரியும். ஆகவே அதற்கு உயரமான வில். ஃபங்கி பாம் பார்க்க அழகு, தீபாவளி மாதிரி. நம்பக் கூடாது. நியூக் பக்கத்தில் இருப்பவன் மேல் போடுகிறவன் தன் மேலும் போட்டுக்கொள்கிறான்.

7. கையில் மிச்சம் வைத்த காசுக்குச் சுற்றுக்குச் சுற்று வட்டி உண்டு. எக்கனாமிக்ஸ் பட்டியலில் வட்டி விகிதத்தை மாற்றலாம். நிறைய ஏற்றிப் பாருங்கள், ஒரு சாயங்காலம் இருவரும் குண்டே போடாமல் கந்துவட்டிக்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருப்பீர்கள்.

8. மாற்றங்கள் செய்வது பற்றி. இதற்குத்தான் இத்தனை போன் வந்தது.

1995-ல் மதுரையில் மணி வாடகைக்குக் கணினி தருகிற ஒரு சென்டரில் நானும் நண்பனும் இதை ஆடினோம். பட்டியலைத் திறந்ததும் எங்களுக்குக் கண் விரிந்துவிட்டது. ஈர்ப்பு விசையைத் தரை மட்டத்துக்கு இறக்கினோம். காற்றை உச்சத்துக்கு ஏற்றினோம். சுவரை ஸ்பிரிங் ஆக்கினோம். எல்லாம் ஒரே நேரத்தில். பிறகு ஆடினோம். ஒரு மணி நேரம் குண்டுகள் சுவருக்குச் சுவர் எகிறிப் போய்வந்துகொண்டிருந்தன, ஒரு டாங்கியும் சாகவில்லை. எது எதைக் கெடுத்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஏனென்றால் மூன்றையும் சேர்த்து மாற்றியிருந்தோம். வாடகைக் காசு போனதோடு, பழைய எண்களை எழுதி வைக்காததால் சென்டர் நடத்தியவரிடம் வசவும் கிடைத்தது.

ஆகவே ஒரு தடவைக்கு ஒரு எண். அதை மாற்றி மூன்று சுற்று ஆடிப் பாருங்கள். பிடித்திருந்தால் வைத்துக்கொண்டு அடுத்ததைத் தொடுங்கள். நோட்டில் பழைய எண், புதிய எண், தேதி எழுதுங்கள். பாப்பா எழுதட்டும், மாப்ளே கையெழுத்தை மாப்ளேயாலேயே படிக்க முடியாது.

எதிலிருந்து தொடங்குவது? சுவரிலிருந்து. கான்கிரீட் சுவரில் பட்ட குண்டு அங்கேயே வெடிக்கும். ரப்பரில் பட்டால் வந்த வேகத்திலேயே திரும்பும். பேடட் சுவர் வேகத்தைக் குறைத்து அனுப்பும், ஸ்பிரிங் கூட்டி அனுப்பும். ‘ரேப் அரவுண்ட்’ என்பதில் வலது ஓரத்தில் போன குண்டு இடது ஓரத்தில் வந்து சேரும். என்னைக் கேட்டால் இருவர் ஆட்டத்துக்கு ரப்பர்தான் சரி. நடுவில் மலை மறைத்தாலும் பின்சுவரில் அடித்து முதுகில் போடலாம், கேரம் போர்டில் கட்டை அடிப்பது மாதிரி.

அடுத்து ஈர்ப்பு. பாதியாக்கினால் அதே பவரில் தூரம் இரண்டு மடங்கு. குண்டு திரையை விட்டு வெளியே போய் வெகுநேரம் கழித்து வரும், அதற்குள் ஒரு முறுக்கு தின்றுவிடலாம். நிலத்தின் மேடுபள்ளமும் சரிவும் லேண்ட்ஸ்கேப் பட்டியலில் இருக்கின்றன. பிடித்துப்போனால் ‘சேவ் சேஞ்சஸ்’ அழுத்துங்கள், இல்லாவிட்டால் மறுநாள் காணாது.

9. எதையும் மாற்றுவதற்கு முன்னால் இருவரும் ஒத்துக்கொள்ள வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து போய்க் காற்றை மாற்றுவது விளையாட்டு இல்லை. மாப்ளே, நான் பார்த்துவிட்டேன்.

10. ஒருவர் கை தேர்ந்தவர், ஒருவர் புதியவர் என்றால் வேண்டுமென்றே தவறவிட்டு விட்டுக்கொடுக்காதீர்கள். அது அடுத்தவருக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் வலிக்கும். விதியில் விட்டுக்கொடுங்கள். ஆட்ட வரிசையில் தோற்றவர் முதலில் என்ற தேர்வு இருக்கிறது. ‘சிங்க்ரனஸ்’ முறை வைத்தால் இருவரும் குறி வைத்த பிறகு இரண்டு குண்டும் ஒன்றாகக் கிளம்பும், முதலில் சுடுகிறவனின் சலுகை போய்விடும். மூன்றாவதாக ஒரு கணினி டாங்கியைச் சேர்ப்பதும் நல்லது. ‘மோரான்’ என்கிற அசடு கண்டபடி சுடும், அதுவே சிரிப்பு. ‘சைபார்க்’ பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

11. அடுத்தவர் கடையில் வாங்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவும்.

12. டாங்கிகள் சுடும்போதும் சாகும்போதும் ஏதோ பேசுகின்றனவே, அந்த வசனங்கள் எங்கே இருக்கின்றன என்று கேட்டீர்கள். இரண்டு சாதாரண எழுத்துக் கோப்புகளில். டாக்1 என்பதில் சுடும்போது சொல்வது, டாக்2 என்பதில் சாகும்போது சொல்வது. இரண்டின் பின்பெயரும் சிஎஃப்ஜி. நோட்பேடில் திறந்து உங்கள் வசனத்தைச் சேர்க்கலாம். முதலில் நகல் எடுத்து வேறு ஃபோல்டரில் வையுங்கள், மதுரையில் வசவு வாங்கியவன் சொல்கிறேன்.

டாஸில் தமிழ் எழுத்து தெரியாது. நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடித்தோம். சாகிற டாங்கி ‘அம்மா தாயே’ என்றும், சுடுகிற டாங்கி ‘வாங்கிக்கடா’ என்றும் கத்திய நாளில் சென்டரில் இருந்த அத்தனை பேரும் எங்கள் திரையைச் சுற்றி நின்றார்கள். ஒரு வரிக்கு ஒரு வசனம், சின்னதாக. அம்மாவுக்குக் கேட்கக் கூடாததை எழுதாதீர்கள், அவள் படிப்பாள். என் அக்கா, எனக்குத் தெரியும்.

13. இதில் பத்துப் பேர் வரை ஆடலாம். அடுத்த மாதம் நான் வருகிறேன், எனக்கும் ஒரு டாங்கி சேர்த்து வையுங்கள். பாராசூட் நானே வாங்கிக்கொள்கிறேன்.