கச்சான் எந்தப் பக்கம்? இலவச மென்பொருளில் வகுப்புப் பயிற்சி செய்ய ஒரு வழிகாட்டி

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் பி.எட். முடித்துவிட்டு டியூஷன் எடுக்கிறீர்களா? தனியார் பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டே அடுத்த படிக்கு வழி தேடுகிறீர்களா? மாணவர் தொட்டு, இழுத்து, நிரப்பி விடை சொல்கிற மின்பயிற்சிகளைச் செய்யப் பழகிக்கொள்ளுங்கள். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை, காசும் செலவில்லை. ஒரு மடிக்கணினி இருந்தால் போதும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலும் முயன்று பார்க்கலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும், அவ்வளவுதான்.

எதில் தொடங்குவது? கருவிகள் நிறைய உண்டு. கனடாவின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் பிறந்த ‘ஹாட் பொட்டேட்டோஸ்’ 2009 முதல் இலவசம்; ஆனால் தோற்றம் பழசு. சின்னக் குழந்தைகளுக்கு ஆயத்த விளையாட்டுகள் வேண்டுமென்றால் ‘ஜிகாம்ப்ரி’ இருக்கிறது. இன்றைக்குப் புதிதாகக் கற்பவருக்கு என் பரிந்துரை நார்வேயில் உருவான ‘எச்5பி’. அதைக் கணினியிலேயே வைத்து இயக்க ‘லூமி’ என்ற செயலி உண்டு. இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள். லூமியை நிறுவி, வேண்டிய பயிற்சி வகைகளை ஒருமுறை இறக்கிக்கொண்டால் அதன் பிறகு இணையம் இல்லாமலே வேலை செய்யலாம். முடித்த பயிற்சியை ஒரே எச்டிஎம்எல் கோப்பாகச் சேமித்துப் பென்டிரைவில் பள்ளிக் கணினி ஆய்வகத்துக்குக் கொண்டுபோகலாம். வாட்ஸ்அப்பில் ஆவணமாகவும் அனுப்பலாம். ஆனால் அனுப்புமுன் விலை குறைந்த ஒரு போனில் திறந்து பாருங்கள். வீடியோவைச் செருகினால் கோப்பு பெருத்துவிடும். வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பா கையில் என்கிற குடும்பங்களை நினைத்துக்கொண்டு படத்தோடும் ஒலியோடும் நிறுத்திக்கொள்வது நல்லது.

கருவியைக் கற்பது ஒரு வாரத்து வேலை. ஆளுக்கு ஆள் தரம் மாறுவது, தவறான விடைகளை யோசிக்கிற இடத்தில்தான்.

ஒரு பயிற்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். பாக் நீரிணைக் கடற்கரையில் காற்றுக்குப் பெயர் உண்டு: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து சோழகம், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான். படகு வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது தெரிந்த சங்கதி. பருவக்காற்றுப் பாடத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ‘கச்சான் எந்தத் திசைக் காற்று?’ என்று கேட்டு நான்கு விடைகள் கொடுங்கள். ஒரு மாணவர் ‘கிழக்கு’ என்று தட்டுகிறார். ஏன்? காற்று போய்ச் சேரும் திசையைச் சொல்கிறார். காற்றை அது புறப்படும் திசையால் அழைப்பார்கள் என்பது அவருக்கு இன்னும் பிடிபடவில்லை. எச்5பியில் ஒவ்வொரு விடைக்கும் தனித்தனியாகப் பின்னூட்டம் எழுத இடம் இருக்கிறது. அங்கே வெறுமனே ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று போடாதீர்கள். ‘நம்ம கரையில் கடலைப் பார்த்து நில். கச்சான் அடித்தால் முகத்தில் படுமா, முதுகில் படுமா?’ என்று எழுதுங்கள். இங்கே கடல் கிழக்கே இருக்கிறது. பிள்ளை தானே விடையைப் பிடித்துவிடும். ‘வடக்கு’ என்று தட்டியவருக்கு வேறு பதில் வேண்டும், அவர் கச்சானையும் வாடையையும் குழப்பிக்கொண்டிருக்கிறார். காரணமே இல்லாத தவறான விடையைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

‘சரிபார்’, ‘மீண்டும் செய்’ போன்ற பொத்தான் சொற்களை அமைப்புப் பகுதியின் அடியில் நீங்களே தமிழில் மாற்றிக்கொள்ளலாம். இதைக்கூடச் செய்யாமல் தமிழ்ப் பாடத்தை ஆங்கிலப் பொத்தானோடு விடுகிறவர்கள் எத்தனையோ பேர்!

தமிழில் கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி செய்பவர்கள் இனிமேல் சொல்வதைக் கவனிக்க வேண்டும். எச்5பியில் விடையை இரண்டு உடுக்குறிகளுக்கு நடுவே எழுத வேண்டும்: கிழக்கிலிருந்து வீசுவது *கொண்டல்*. இரண்டு வடிவங்களை ஏற்கலாம் என்றால் சாய்கோடு: *சோழகம்/சோளகம்*. குறிப்பு தர, விடைக்குப் பின் முக்காற்புள்ளி இட்டு எழுதலாம். சிக்கல் எழுத்தைக் கணினி சேமிக்கும் முறையில் இருக்கிறது. ‘கொ’வின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம், கொம்பு தனி கால் தனியாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்பிடும் நிரலுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. ‘கௌ’ எழுத வேண்டிய இடத்தில் ‘கெள’ என்று தட்டுவதும் இதே வகைதான். சரியாக எழுதிய பிள்ளைக்குச் சிவப்புக் குறி விழுந்தால் அடுத்த பயிற்சியை அது தொடாது. ஆகவே சந்தேகமான சொற்களுக்கு இரண்டு வடிவத்தையும் சாய்கோடிட்டுக் கொடுங்கள், அல்லது தட்டச்சு கேட்காமல் சொல்லை இழுத்து வைக்கச் சொல்லுங்கள். குறுக்கெழுத்துக் கருவிகளில் உயிர்மெய் சிதறி, கால் ஒரு கட்டத்திலும் எழுத்து ஒரு கட்டத்திலும் போய் விழுவது உண்டு. சோதிக்காமல் தமிழ்க் குறுக்கெழுத்தை வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி வேலை விஷயம். இணையவழிப் பாடம் தயாரிக்கும் நிறுவனங்கள் ‘இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைனர்’, ‘இ-கன்டென்ட் டெவலப்பர்’ என்ற பெயர்களில் ஆள் எடுக்கின்றன. விளம்பரத்தில் ‘மூடுல்’, ‘ஸ்கார்ம்’ என்ற இரண்டு சொற்களை அடிக்கடி பார்ப்பீர்கள். மூடுல் 2002-ல் வெளிவந்த கட்டற்ற கற்றல் மேலாண்மைத் தளம். ஸ்கார்ம் என்பது ஒரு பயிற்சியைப் பல தளங்களிலும் பொருத்த உதவும் பொதி வடிவம்; லூமி அந்த வடிவத்திலும் சேமித்துத் தரும். இவ்விரண்டையும் செய்து பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

விற்பதாக இருந்தால் உரிமத்தைப் படியுங்கள். கணிதக் கருவியான ஜியோஜீப்ரா வகுப்பில் பயன்படுத்த இலவசம், வணிகத்துக்கு அப்படியல்ல. விக்கிமீடியா காமன்ஸ் படத்தைப் பயன்படுத்தினால் அதை உருவாக்கியவர் பெயரையும் உரிமத்தையும் கீழே போடுங்கள். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்துக்கும் நன்றிக் குறிப்பு கட்டாயம். மாணவர் பெயரும் முகமும் நீங்கள் வேலைக்குக் காட்டும் மாதிரிக் கோப்பில் இருக்கவே கூடாது.

நேர்முகத்துக்கு நாலைந்து பயிற்சிகள் போதும். எத்தனை செய்தீர்கள் என்று அடுக்க வேண்டாம். எதிரே இருப்பவர் கையில் போனைக் கொடுத்து, வேண்டுமென்றே ஒரு தவறான விடையைத் தட்டச் சொல்லுங்கள்.