மருந்து எனப்படும் நஞ்சு

நம் ஊர் உழவர்கள் பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை 'மருந்து' என்றே அழைக்கின்றனர். "கத்தரிக்கு மருந்தடித்தாயிற்றா?" என்ற கேள்வியைக் கேட்டே நானும் வளர்ந்தேன். மருந்து வந்த டப்பாவைக் கழுவி, அதில் மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பதையும் கண்டிருக்கிறேன். அது எத்துணைப் பெரிய தவறு என்பதை வேதியியல் படிக்க வந்த பிறகே உணர்ந்தேன்.

1958-ஆம் ஆண்டு பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துவிட்ட கோதுமை மாவை உண்டு, கேரளத்தில் 100-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அன்றைய சென்னை மாநிலத்திலும் நஞ்சுணவு உயிர்களைப் பறித்தது. நீதிபதி ஷா அவர்கள் தலைமையில் விசாரணைக் குழு அமைந்தது. அதன் வழியே பிறந்ததுதான் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்.

சட்டம் வந்தும் துயரம் நிற்கவில்லை. 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தனர். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்ததாகத் தடயவியல் ஆய்வு கூறிற்று. பூச்சிக்கொல்லி இருந்த கலனிலேயே எண்ணெய் வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் தெரியவந்தது.

இந்நஞ்சுகள் எவ்வாறு கொல்கின்றன? நரம்பின் செய்தியைத் தசைக்குக் கொண்டு செல்வது அசிட்டைல்கோலின் என்னும் பொருள். செய்தி சேர்ந்ததும் அதைச் சிதைத்து அகற்ற ஒரு நொதி உண்டு. மேற்கூறிய இரு நஞ்சுகளும் அந்நொதியை முடக்கிவிடுகின்றன. ஆகவே செய்தி ஓயாமல் தாக்குகிறது. உமிழ்நீரும் வியர்வையும் பெருகும். கண்ணின் பாவை சுருங்கும். வாந்தியும் வலிப்பும் தோன்றும். முடிவில் மூச்சு நின்றுவிடும். பூச்சிக்கும் மனிதனுக்கும் இந்நரம்பு முறை பொதுவானதே. இதனால்தான் பூச்சியைக் கொல்வது நம்மையும் கொல்கிறது. வாய்வழியே மட்டுமன்று, தோல்வழியாகவும் மூச்சுவழியாகவும் இந்நஞ்சு உட்புகும்.

நண்பர்களே, விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது நாம் செய்யத்தக்கவை சில உள்ளன. டப்பாவின் மீதுள்ள வண்ணக் குறியை வீட்டாருக்குக் காட்டுங்கள்: சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பச்சையும் நஞ்சே. காலிக் கலனை மும்முறை அலசி, அந்நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, கலனைத் துளையிட்டுவிடச் சொல்லுங்கள். எவரேனும் மயங்கினால் நஞ்சு பட்ட உடையைக் களைந்து, உடலைச் சோப்பு நீரால் கழுவி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். டப்பாவையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள். எந்த நஞ்சென்று அறிந்தால் மருத்துவர் அட்ரோபின் முதலிய முறிவுகளைத் தாமதமின்றித் தர இயலும்.

எல்லாவற்றிற்கும் முன்னதாக, வீட்டில் அதை மருந்தென்று சொல்வதை விட்டு, நஞ்சென்றே சொல்லிப் பழகுவோம். நஞ்சென்று அறிந்த கலனில் எந்தத் தாயும் எண்ணெய் ஊற்றி வைக்கமாட்டாள்.