கற்பனைக் களத்தில் ஏழூர் அணிகள்

முன்னுரை

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன களமும் பந்தும், வெற்றியும் தோல்வியுமே. ஆனால் ஆட்டம் தொடங்குமுன்னரே மூன்று வேலைகள் முடிந்துவிடுகின்றன. அணிக்கு ஒரு பெயரும் சின்னமும் அமைகின்றன. ஆடுவோருக்குச் சீருடை அமைகிறது. 'நாம் யார், எந்த ஊரார்' என்று சொல்லிக்கொள்ள ஒரு வரலாறும் அமைகிறது. இம்மூன்றையும் இல்லாத அணிகளுக்கு, இல்லாத ஒரு லீக்குக்கு அமைத்துப் பார்த்தால் என்ன பயன்? வரலாறு பயிலும் மாணவனாகிய நான் இதனை ஒரு பயிற்சியாக மேற்கொண்டேன். வீண்வேலை போலத் தோன்றும் இப்பயிற்சி, தன் ஊரைத் தானே அறிந்துகொள்ளும் நல்ல வழி என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூவே சீருடை

அணிச் சின்னம் என்பது மேனாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ணுவோர் உளர். சேரனுக்கு வில்லும், சோழனுக்குப் புலியும், பாண்டியனுக்குக் கயலும் கொடிச் சின்னங்களாக இருந்ததைப் பள்ளிப் பருவத்திலேயே படித்திருக்கிறோம். பூச்சூடும் வழக்கமோ இன்னும் நுட்பமானது. நிரை கவரச் செல்வோர் வெட்சி சூடினர். அதனை மீட்போர் கரந்தை சூடினர். மதிலை முற்றுவோர்க்கு உழிஞை, காப்போர்க்கு நொச்சி. எதிரெதிர் நின்று பொரும் தும்பைப் போரில் மட்டும் இருபடையினரும் சூடுவது தும்பைப் பூவே. அவ்வாறாயின் இன்னார் படை இன்னது என்று அறிவது எப்படி? இதற்குத்தான் சேரர்க்குப் பனம்பூவும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆத்தியும் உரியவாயின. வேந்தரிடையே வேறுபாடு தெரிவதற்கே இப்பூக்கள் சூடப்பட்டன என்று தொல்காப்பியப் புறத்திணையியல் காரணத்தையும் சேர்த்தே சொல்கிறது. சீருடையின் முதற்பயன் அழகன்று, அடையாளமே என்பதை இதைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

இன்னொன்றும் கருதத்தக்கது. பனையும் வேம்பும் ஆத்தியும் நம் மண்ணில் வளர்பவை. நாள்தோறும் பார்க்கும் மரத்தின் பூவையே பெருவேந்தரும் தமக்கு அடையாளமாகக் கொண்டனர்.

கற்பனை அணிகளின் மரபு

இல்லாத அணிகளைப் படைத்தவர்களும் பலர் உளர். சென்னையில் பிறந்த ஆர். கே. நாராயண் 1935-இல் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்' என்னும் ஆங்கில நாவலில், மால்குடிச் சிறுவர்கள் ஒரு கிரிக்கெட் சங்கம் அமைக்கிறார்கள். மட்டையும் பந்தும் கைக்கு வருமுன்பே பெயரைப் பற்றிய வாதம் எழுகிறது. இறுதியில் 'எம்.சி.சி.' என்று முடிவாகிறது. இங்கிலாந்தின் மெரில்போன் சங்கத்துக்கும் சென்னைக் கிரிக்கெட் சங்கத்துக்கும் உரிய அதே மூன்று எழுத்துகள், 'மால்குடி கிரிக்கெட் கிளப்' என்று விரிந்து புதுப்பொருள் பெறுகின்றன. ஊரே கற்பனை, அந்த ஊரின் அணியும் கற்பனை. ஆனால் சிறுவர்கள் விளையாட்டுப் பொருள் வேண்டிக் கடிதம் எழுதுவதோ சென்னை மவுண்ட் ரோடு கடைக்கு. இத்தகைய ஓர் உண்மை ஆணி அடித்தால்தான் கற்பனைப் படம் சுவரில் நிற்கும்.

2007-இல் வெளிவந்த 'சென்னை 600028' திரைப்படத்தில் வரும் தெருக் கிரிக்கெட் அணிகளும் கற்பனையே. அப்படத்துக்குப் பெயராக அமைந்தது ஓர் அஞ்சல் குறியீட்டு எண். கடிதத்தின் மூலையில் எழுதும் ஆறு இலக்கங்கள் ஓர் இளைஞர் கூட்டத்தின் கொடியாகிவிட்டன.

அமெரிக்க எழுத்தாளர் ஜாக் கெரவாக் சிறு வயது முதலே ஒரு கற்பனைப் பேஸ்பால் லீக்கை நடத்திவந்தார். மோட்டார் வண்டிகளின் பெயர்களையும் நிறங்களின் பெயர்களையும் அணிகளுக்குச் சூட்டினார். ஆட்டக்காரர்க்குச் சீட்டுகள் செய்தார். ஆட்டச் செய்திகளைப் பத்திரிகை போலவே எழுதினார். வளர்ந்து பெயர்பெற்ற பின்னும் அவர் அதனை விட்டுவிடவில்லை. அந்தத் தாள்களைப் பற்றி நியூயார்க் பொது நூலகம் 2009-இல் ஒரு நூலே வெளியிட்டது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் வகுப்பறைக் கடைசிப் பெஞ்சில் புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்ணின் கடைசி இலக்கத்தை ஓட்டமாகக் கொண்டு ஆடும் 'புக் கிரிக்கெட்' இதே இனத்தைச் சேர்ந்ததன்றோ!

ஊர்ப்பெயர் இடம் மாறினால்

கற்பனையை விட்டு உண்மை லீக்குக்கு வருவோம். தமிழ்நாடு பிரிமியர் லீக் 2016-இல் எட்டு அணிகளுடன் தொடங்கியது. அவற்றுள் ஒன்று திருவள்ளூர் வீரன்ஸ். அந்நாளில் அம்பத்தூர் வட்டம் திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்தது. எனவே அது எங்கள் மாவட்ட அணி. 2018-இல் அவ்வணி காஞ்சி வீரன்ஸ் ஆயிற்று. 2021-இல் நெல்லை ராயல் கிங்ஸ் ஆயிற்று. தூத்துக்குடிப் பெயரில் ஆடிய அணி சேலத்துக்குச் சென்றது. காரைக்குடிப் பெயரில் ஆடிய அணி திருப்பூருக்குச் சென்றது. உரிமையாளர் கணக்கில் இதில் பிழையொன்றும் இல்லை. ஆனால் அணியின் பெயரில் ஊர் இருந்ததே தவிர, அணியின் உடலில் ஊர் இல்லை. 'வீரன்' எந்த ஊருக்கும் பொருந்துவான். 'கிங்' எந்த ஊரிலும் முடிசூடலாம். கடைப் பலகையைக் கழற்றி அடுத்த தெருவில் மாட்டுவது போல அவற்றை மாட்டிவிட முடிகிறது.

பெயர் மாறுவது அணிகளுக்கு மட்டும் நேர்வதன்று. அம்பத்தூர் நகராட்சி 2011-இல் சென்னை மாநகராட்சியில் இணைந்து ஒரு மண்டலமாயிற்று. 2018-இல் அம்பத்தூர் வட்டமும் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. நான் வாழும் கள்ளிக்குப்பம் இன்று மாநகரின் ஒரு பகுதி. நான் படித்த பாடநூல் எதிலும் அப்பெயர் வந்ததில்லை. புதிதாகக் குடிவருவோர் 'அம்பத்தூர் பக்கம்' என்று சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். பெயரைச் சொல்ல ஆளில்லாத ஊர், பெயர் இருந்தும் இல்லாத ஊரே. இதுவே என்னை இப்பயிற்சிக்குத் தூண்டியது.

ஏழு ஊர்கள், ஏழு சின்னங்கள்

ஆட்டமாக நான் கொண்டது கபடி. அணிக்கு எழுவர், ஊர்களும் ஏழு. வேறோர் ஊருக்குப் பொருந்தாத சின்னமே ஒவ்வோர் ஊருக்கும் வேண்டும் என்பது நான் வகுத்துக்கொண்ட விதி. சிங்கம், புலி, கழுகு, மின்னல் ஆகியவற்றை முதலிலேயே விலக்கிவிட்டேன்.

புழலுக்கு ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் இந்நீர்த்தேக்கத்தின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஆயினும் அலையை வரைந்தால் எந்த ஏரிக்கும் பொருந்தும். ஆகவே நீர்க்கோட்டின்மேல் ஒரு சிவந்த குன்றை வைத்தேன்; அருகிலுள்ள செங்குன்றத்தின் பெயரே அதற்குச் சான்று. சட்டையும் செம்மண் நிறம்.

பாடிக்கு வலியன் குருவி. அவ்வூர்க் கோயிலின் பழம்பெயர் திருவலிதாயம். திருஞானசம்பந்தரின் பாடல் பெற்ற தலம். வலியன் என்னும் கரிக்குருவி இறைவனை வழிபட்டதாகத் தலபுராணம் கூறும். கறுப்புச் சட்டை.

திருமுல்லைவாயிலுக்கு முல்லைக்கொடி. தொண்டைமானின் யானை முல்லைக்கொடியில் சிக்கிக்கொள்ள, அதனை வாளால் வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டதாக வரலாறு சொல்வர். வெள்ளைச் சட்டையில் பச்சைக் கரை.

பூவிருந்தவல்லிக்குப் பூ வரைவதே இயல்பு. ஆனால் முல்லையோடு அது குழம்பிவிடும். அவ்வூரில் பிறந்த திருக்கச்சிநம்பி, காஞ்சி வரதராசப் பெருமாளுக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவர். வட்டமான விசிறி, சின்னத்துக்கு மிக ஏற்ற வடிவம். மஞ்சள் சட்டை.

அம்பத்தூருக்குச் சைக்கிளின் பல்சக்கரம். டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949-இல் தோன்றியது. 1964-இல் தொழிற்பேட்டை வந்தது. இரும்பின் சாம்பல் நிறம்.

ஆவடி என்றால் யாவரும் பீரங்கி வண்டியையே நினைப்பர். அதே ஆவடியில்தான் 1961 முதல் படைவீரர்க்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் இயங்கிவருகிறது. சீருடையைப் பற்றிய இப்பயிற்சியில், பீரங்கியைவிட ஊசியும் நூலுமே பொருந்தும் என்று கொண்டேன். நீலச் சட்டை. படைவீரரின் சீருடைக் கோலத்தைப் போலியாகச் செய்வது தகாதாகையால் அதனைத் தவிர்த்தேன்.

கள்ளிக்குப்பத்துக்குக் கள்ளியே. சங்கப் பாலைப் பாடல்களில் இடம்பெற்ற செடி அது. நீரூற்றுவார் இல்லாவிடினும் நிற்கும். வேலியாகி ஊரைக் காக்கும். கீறினால் வெண்பால் வடியும். கரும்பச்சைச் சட்டையில் ஒரே ஒரு வெண்கோடு.

சின்னமும் சீருடையும்: சில நடைமுறைகள்

முதலாவது, சின்னத்தைக் கறுப்பு மையால் நிரப்பி நிழலாக்கிப் பார்க்க வேண்டும். அப்போதும் அடையாளம் தெரிந்தால்தான் அது சின்னம். தெரியாவிட்டால் வெறும் படமே. நோட்டீசை ஜெராக்ஸ் எடுக்கும்போது இந்த உண்மை தானே விளங்கும்.

இரண்டாவது, நிறங்கள் குறைவாக இருத்தல் நன்று. ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிச் சட்டம் கட்ட வேண்டும். நிறம் கூடக் கூடச் செலவும் கூடும். நூலால் பின்னும்போது மெல்லிய கோடுகள் நிற்கமாட்டா.

மூன்றாவது, எதிரணியை நினைத்தே சட்டையின் நிறத்தை முடிவு செய்ய வேண்டும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத பார்வையுடையோர் ஆடவரில் கணிசமாக உண்டு. புழலும் கள்ளிக்குப்பமும் மோதினால் அவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றக்கூடும். ஆகவே கள்ளிக்குப்பத்துக்கு வெள்ளை நிறத்தில் மாற்றுச் சட்டை ஒன்றும் வகுத்தேன்.

நான்காவது, ஆட்டத்தின் இயல்பை உடை அறிந்திருக்க வேண்டும். கபடியில் பாடிவருபவனை உடலைப் பற்றியே மடக்க வேண்டும். ஆடையைப் பற்றி இழுப்பது முறையன்று. எனவே காலரும் பையும் இல்லாத, உடலோடு படிந்த சட்டையே சிறந்தது.

கண்டது, கேட்டது, கற்பித்தது

சின்னம் வரைவதைவிட வரலாறு எழுதுவதே கடினம். இங்குதான் பெரிய ஆபத்தும் இருக்கிறது. ஒரு ஃபிளெக்ஸ் பலகையில் 'நூற்றாண்டு கண்ட அணி' என்று அச்சிட்டுவிட்டால், பத்தாண்டுக்குப் பின் அதனைப் பார்க்கும் சிறுவன் நம்பிவிடுவான். கற்பனை, பொய்யாக மாறும் இடம் அது.

ஆதலால் ஒவ்வோர் அணியின் வரலாற்றையும் மூன்று பத்திகளாகப் பிரித்தேன். ஆவணத்தால் அறியப்படுவது 'கண்டது'. தலபுராணமும் செவிவழிச் செய்தியும் 'கேட்டது'. நானே படைத்தது 'கற்பித்தது'. 1964-இல் வந்த தொழிற்பேட்டை முதற்பத்தியில் இருக்கும். தொண்டைமானின் யானை இரண்டாம் பத்தியில் இருக்கும். வறண்ட ஏரியில் பயிற்சி செய்த கள்ளிக்குப்பத்து எழுவர் மூன்றாம் பத்திக்கு உரியவர்கள். ஒரு பத்தியில் உள்ளது அடுத்த பத்திக்குத் தாண்டலாகாது. கோடு தாண்டினால் கபடியிலும் ஆட்டம் இழப்பன்றோ!

தோல்வியையும் எழுத வேண்டும் என்பது இரண்டாம் விதி. முதலாம் இராசராசன் காலமுதல் சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் இடம்பெற்ற மெய்க்கீர்த்திகள் வெற்றிகளை அடுக்கிச் சொல்வன. அவற்றை மட்டும் படித்தால் வரலாறு நிறைவுபெறாது. 949-இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். பகைவரான இராட்டிரகூடர் தரப்பின் ஆதகூர்க் கல்வெட்டு இதனைக் கூறுகிறது. சோழர் தரப்பின் ஆனைமங்கலச் செப்பேடும் யானைமேல் அவன் மாண்டதை மறைக்காமல் கூறுகிறது. இருவரும் சொல்வதால் அச்செய்திக்கு வலிமை மிகுகிறது.

கணக்குத் தவறாத கற்பனை

ஏழு அணிகள் ஒன்றோடொன்று ஒருமுறை ஆடினால் ஆட்டங்கள் 21. ஒரு சுற்றுக்கு மூன்று ஆட்டம். ஓர் அணிக்கு ஓய்வு. ஆக ஏழு சுற்றுகள். வெற்றிக்கு 2 புள்ளி, சமநிலையானால் ஆளுக்கு 1 என்று வைத்தால், முடிவு எப்படியானாலும் மொத்தப் புள்ளிகள் 42 வந்தே தீர வேண்டும். வராவிட்டால் எங்கோ இல்லாத வெற்றியை எழுதிவிட்டோம் என்று பொருள். கற்பனைக்கும் கணக்கு உண்டு.

வெற்றி தோல்வியை என் விருப்பத்துக்கு விடாமல் புத்தகத்திடம் ஒப்படைத்தேன். அணிக்கு ஏழு முறை புத்தகத்தைப் பிரித்து, பக்க எண்களின் கடைசி இலக்கங்களைக் கூட்டி, மிகுந்தது வென்றதாகக் கொண்டேன். பாடி அணி முதலிடம் பெற்றது. கள்ளிக்குப்பம் இரண்டே ஆட்டங்களில் வென்று 4 புள்ளிகளுடன் ஆறாம் இடத்தில் நின்றது. அதனை அப்படியே எழுதினேன். ஆறாம் இடத்து அணிக்குத்தான் அடுத்த ஆண்டு என்று ஒன்று இருக்கிறது. அதன் வரலாற்றைத்தான் மேலும் படிக்கத் தோன்றுகிறது.

முடிவுரை

இந்த லீக் எந்த மைதானத்திலும் நடக்கப்போவதில்லை. ஆயினும் இதற்காக நான் தேடிய ஊர்ப்பெயர்க் காரணங்களும், கோயில் வரலாறுகளும், தொழிற்சாலை ஆண்டுகளும் உண்மையானவை. ஒரு சின்னம் வரைய வேண்டுமென்றால் முதலில் ஊரைப் பார்க்க வேண்டும்; மரத்தின் பெயரைக் கேட்க வேண்டும்; முதியோரிடம் அமர வேண்டும்.

மாணவ நண்பர்களே! இக்கல்லூரிக்குப் பல ஊர்களிலிருந்து வருகிறோம். வருகைப் பதிவேட்டில் நம் பெயர் இருக்கிறது. நம் ஊர்ப்பெயர் இல்லை. ஒரு தாளை எடுத்து மூன்று பத்தியாக மடியுங்கள். முதற்பத்தியில் எழுத எத்தனை வரிகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். அது வெறுமையாக இருந்தால் மூன்றாம் பத்தியால் அதனை நிரப்பிவிட வேண்டாம். இவ்வாண்டு விடுமுறையில் ஊருக்குள் நடந்து, கேட்டு, தேடி அதனை நிரப்புவோம்.