அடுத்த செப்டம்பர் மூஸ் வேட்டைக்கு இப்போதே துணையைத் தேடுங்கள்

நவம்பர் பிறந்துவிட்டது. அலாஸ்காவில் அடுத்த ஆண்டு வேட்டை அனுமதிக்கான குலுக்கல் விண்ணப்பங்களை மாநில மீன், வனவிலங்குத் துறை இந்த மாதம் 1ஆம் தேதி முதல் டிசம்பர் 15 வரை வாங்குகிறது. மூஸ் வேட்டை பெரும்பாலும் செப்டம்பரில்தான். துப்பாக்கி, கூடாரம், காலணி என்று விசாரிக்க இன்னும் மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. கூட வரப்போவது யார் என்பதை முடிவு செய்யத்தான் நேரம் இல்லை. பல குலுக்கல்களில் இரண்டு பேர் ஒரே குழுவாக விண்ணப்பிக்கலாம். விழுந்தால் இருவருக்கும் விழும், இல்லாவிட்டால் இருவருக்கும் இல்லை. குலுக்கல் இல்லாத பொதுப் பருவத்தில் போக நினைப்பவர்களும் தள்ளிப்போடக் கூடாது. வேட்டைக்காரர்களைக் காட்டில் இறக்கிவிடும் பெயர் பெற்ற விமானிகளின் செப்டம்பர் நாள்கள் வெகு முன்னதாகவே நிரம்பிவிடும்.

துணை ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு விலங்கின் எடையே பதில். அலாஸ்கா மூஸ்தான் மான் இனத்தில் உலகிலேயே பெரியது. வளர்ந்த ஆண் 725 கிலோ வரை வரும். அப்படி ஒன்றைக் குடல் எடுத்துச் சுத்தம் செய்தால் ஏறக்குறைய 430 கிலோ, அதில் இறைச்சி மட்டுமே 225 கிலோ. சுட்ட இடத்திலிருந்து ஆற்றங்கரைக்கோ விமானம் இறங்கும் மணல்திட்டுக்கோ இவ்வளவையும் முதுகில்தான் கொண்டுவர வேண்டும். பாதையே இருக்காது. முழங்கால் உயரப் புல்முடிச்சுகள், இடையிடையே சேறு, அடர்ந்த வில்லோ புதர். எலும்போடு கூடிய ஒரு பின்தொடையைத் தூக்கிச் சட்டகம் பொருத்திய முதுகுப்பையில் கட்ட ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் இறுக்க வேண்டும். கரையிலிருந்தோ மணல்திட்டிலிருந்தோ ஒன்றரை கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மூஸைச் சுடுவதில்லை என்று அனுபவசாலிகள் பலர் தங்களுக்கே வரம்பு போட்டுக்கொள்வது இதனால்தான்.

ஆகவே குறி தவறாமல் சுடுகிறவரைத் தேடுவதைவிட, சுட்ட பிறகு நடக்கும் வேலைக்குச் சளைக்காதவரைத் தேடுவது மேல். உறவினர், அலுவலக நண்பர் என்ற நெருக்கம் மட்டும் போதாது. குளிர்காலம் முடிவதற்குள் அவரோடு இரண்டு மூன்று நாள் முகாம் ஒன்று போட்டுப் பாருங்கள். மழை பெய்யட்டும், முதுகில் 30 கிலோ சுமை இருக்கட்டும். ஈரமான காலுறையோடு அடுப்புப் பற்றவைக்கும் நேரத்தில் ஒருவர் எப்படிப் பேசுகிறார் என்பது பத்து நாள் காட்டில் எப்படி இருப்பார் என்பதைச் சொல்லிவிடும். விமானம் குறித்த நாளில் வராமல் போகலாம் என்பதையும் அவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். மூடுபனி இறங்கினால் விமானி இரண்டு மூன்று நாள் தாமதமாகத்தான் வருவார். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பவர் எவ்வளவு நல்லவரானாலும் இந்தப் பயணத்துக்கு ஏற்ற துணை அல்ல.

பேச வேண்டியதை இப்போதே பேசி எழுதி வையுங்கள். முதலில் சுடுவது யார்? இருவருக்கும் அனுமதி இருந்தாலும் ஒரு மூஸோடு நிறுத்திக்கொள்வதா? செலவையும் இறைச்சியையும் எப்படிப் பிரிப்பது? ஒருவர் பாதியில் பின்வாங்கினால் விமானத்துக்குக் கட்டிய முன்பணம் யாருடையது? உடல்நிலை பற்றிய கேள்விகளைக் கூச்சமில்லாமல் கேளுங்கள். இதய நோய், சர்க்கரை, அன்றாட மருந்துகள் எல்லாம் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். செல்போன் சிக்னல் இல்லாத இடம் அது. சாட்டிலைட் தொடர்புக் கருவியை இருவருமே இயக்கத் தெரிந்திருப்பது கட்டாயம். கருவியை வைத்திருப்பவரே காயப்பட்டுக் கிடந்தால் மற்றவர் என்ன செய்வார்?

இறைச்சியைக் காக்கும் வேலை இவை எல்லாவற்றையும்விடக் கடினம். 1992 ஜூனில் அலாஸ்காவின் ஸ்டாம்பீட் பாதையோரம் பழைய பேருந்தில் தனியே தங்கியிருந்த கிறிஸ் மெக்கேண்ட்லஸ் ஒரு மூஸைச் சுட்டார். இறைச்சியைப் புகையில் பதப்படுத்த முயன்றார். சில நாள்களில் புழு வைத்துவிட்டது. சுட்டிருக்கவே கூடாது என்று நாட்குறிப்பில் வருந்தினார். அந்த ஆகஸ்டில் அவர் இறந்தார். செப்டம்பரில் அவருடைய உடலைக் கண்டவர்கள் அங்கே மூஸ் வேட்டைக்கு வந்தவர்கள். அவருடைய முடிவுக்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. ஆனால் அவ்வளவு பெரிய உடலைத் தனி மனிதரால் வேகமாகக் கையாள முடியாது என்பதில் ஐயமில்லை. செப்டம்பர் குளிர் என்று நம்பிவிடக் கூடாது. பகலில் வெயில் அடிக்கும், ஈ மொய்க்கும். தடித்த தோல் உள்ளே சூட்டைப் பிடித்துவைக்கும். இடுப்பு மூட்டைச் சுற்றிய சதைதான் முதலில் கெடும். தோலை உடனே உரித்து, முன்சப்பை, பின்தொடை, விலா என்று பிரித்து, காற்று புகும் துணிப்பையில் போட்டு, மழை படாமல் நிழலில் தொங்கவிட வேண்டும். அதுவும் கூடாரத்திலிருந்து தள்ளி, கண்ணுக்கு எட்டும் தூரத்தில். பழுப்புக் கரடிக்கு அந்த வாசனை வெகு தூரம் போகும்.

சட்டமும் இதே கண்டிப்போடுதான் இருக்கிறது. இறைச்சியை வீணாக்குவது அலாஸ்காவில் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். இறைச்சியின் கடைசிச் சுமைக்கு முன் கொம்பைக் கொண்டுவரக் கூடாது. சில பகுதிகளில் இறைச்சியை எலும்போடுதான் காட்டிலிருந்து எடுத்து வர வேண்டும். விமானத்தில் பறந்த நாளில் வேட்டையாடக் கூடாது. மறுநாள் அதிகாலை 3 மணிக்குப் பிறகே துப்பாக்கியைத் தூக்கலாம். பல பகுதிகளில் கொம்பின் அகலம் 50 அங்குலம் இருக்க வேண்டும், அல்லது நெற்றிப் பக்கத்துக் கிளைகள் ஒரு பக்கத்திலாவது மூன்றோ நான்கோ இருக்க வேண்டும். கிளைகளும் குறைவாக இருந்து 49 அங்குலம் என்றால் சட்டமீறல். புதருக்குள் தலையாட்டி நிற்கும் மூஸின் கொம்புக் கிளைகளை ஒருவர் தொலைநோக்கியில் எண்ணிக்கொண்டிருக்கும்போது, சந்தேகம் வந்தால் 'வேண்டாம்' என்று சொல்ல இன்னொருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தச் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக இருவரும் ஊரிலேயே ஒப்புக்கொள்வது நல்லது.

யாருடைய நிலம் என்பதையும் வரைபடத்தில் பாருங்கள். மாநிலம், மத்திய அரசு, பூர்வகுடிகளின் நிறுவனங்கள் என உரிமையாளர்கள் வேறு, விதிகளும் வேறு. ஜான் ஸ்டர்ஜன் என்ற அலாஸ்காக்காரர் 2007இல் மூஸ் வேட்டைக்குப் போகும் வழியில், நேஷன் ஆற்றங்கரையில் தன் ஹோவர்கிராஃப்டைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். தேசியப் பூங்காத் துறையினர் வந்து, அந்த வண்டியை இங்கே ஓட்டக் கூடாது என்றார்கள். விவகாரம் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு இரண்டு முறை போய், 2019இல் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பானது. அவ்வளவு காலம் வழக்காட எல்லோராலும் முடியாது. கோயுகுக் ஆற்றுப் பகுதியில் மூஸ் வேட்டைக்கு விமானத்தைப் பயன்படுத்தவே தடை உண்டு. அங்கே பெரும்பாலும் படகில்தான் போக வேண்டும்.

விமானி, போக்குவரத்து நடத்துநர், வழிகாட்டி மூவரும் ஒருவரல்லர். இறக்கிவிட்டு ஏற்றி வர மட்டுமே உரிமம் பெற்றவர் வேட்டையில் வழிகாட்ட முடியாது. முன்பணம் கட்டும் முன் உரிமத்தையும், ஆளுக்கு எத்தனை கிலோ சுமை அனுமதி என்பதையும், இறைச்சிக்குத் தனி நடை உண்டா, அதற்கு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சூப்பர் கப் போன்ற சிறு விமானத்தில் ஒரு பயணியும் கொஞ்சம் சாமானும்தான் ஏறும். 225 கிலோ இறைச்சிக்கு அது எத்தனை நடை என்பதை இப்போதே கணக்குப் போடலாம்.

இந்தியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ போக நினைக்கும் தமிழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேறு மாநில அமெரிக்கக் குடிமகன் வழிகாட்டி இல்லாமலே மூஸ் வேட்டையாடலாம். அமெரிக்காவில் வசிக்காத வெளிநாட்டவருக்கு உரிமம் பெற்ற வழிகாட்டி கட்டாயம். நண்பர் எவ்வளவு தேர்ந்தவரானாலும் அந்த இடத்தை நிரப்ப முடியாது. பயணச் செலவும் அதற்கேற்ப பல மடங்கு உயரும்.

இந்த வாரமே உங்கள் துணையோடு உட்கார்ந்து, மேலே சொன்ன கேள்விகளைக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் அடுத்த ஆண்டு விதிகளை ஒருமுறை சரிபார்த்து, டிசம்பர் 15க்குள் இருவர் பெயரையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். திருப்தி இல்லையென்றால் இந்த ஆண்டு விண்ணப்பிக்க வேண்டாம். குலுக்கல் அடுத்த நவம்பரிலும் வரும்.