ஐந்து கை மாறிய கடிதம்

உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்? உறவினர், பக்கத்து வீட்டார், கூட வேலை செய்பவர், பால்காரர், சந்தையில் காய் விற்பவர். எண்ணிப் பாருங்கள். 100 பேராவது இருப்பார்கள்.

அந்த 100 பேருக்கும் ஆளுக்கு 100 பேரைத் தெரியும் அல்லவா? 100 x 100 = 10,000 பேர். இந்த 10,000 பேருக்கும் ஆளுக்கு 100 பேரைத் தெரிந்தால் 10 லட்சம் பேர். அதற்கு அடுத்த படியில் 10 கோடி பேர்!

ஆனால் கணக்கு இவ்வளவு எளிதல்ல. உங்கள் பக்கத்து வீட்டாருக்குத் தெரிந்தவர்களில் பலர் உங்களுக்கும் தெரிந்தவர்களே. சுற்றிச் சுற்றி அதே முகங்கள்தான். அப்படியானால் முன்பின் தெரியாத ஒருவரை, தெரிந்தவர்கள் மூலமாகவே எட்ட முடியுமா?

இதை ஒருவர் சோதித்துப் பார்த்தார். அவர் பெயர் ஸ்டான்லி மில்கிராம். அமெரிக்காவின் உளவியல் அறிஞர். 1960களில் இந்தச் சோதனையைத் தொடங்கினார்.

கடிதம் போன வழி

பாஸ்டன் நகரில் வேலை செய்த ஒரு பங்குத் தரகரிடம் கடிதம் சேர வேண்டும். இதற்கு 296 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 196 பேர் நெப்ராஸ்கா மாநிலத்தில் இருந்தார்கள். அங்கிருந்து பாஸ்டன் சுமார் 2,000 கிலோமீட்டர் தூரம். மற்ற 100 பேர் பாஸ்டன் பகுதியில் இருந்தார்கள்.

தரகரின் பெயர், ஊர், தொழில் எல்லாம் கடிதத்தில் இருந்தன. ஆனால் ஒரு நிபந்தனை. தரகரோடு நேரில் பழக்கம் இல்லாதவர் அவருக்கே அனுப்பக் கூடாது. தனக்கு நன்கு தெரிந்த ஒருவருக்குத்தான் அனுப்ப வேண்டும். அவர் இன்னொருவருக்கு அனுப்புவார். இப்படியே கை மாறிப் போக வேண்டும்.

என்ன நடந்தது? 64 கடிதங்கள் தரகரிடம் போய்ச் சேர்ந்தன. இடையில் எத்தனை பேர் தெரியுமா? சராசரியாக 5 பேர்தான்! அவ்வளவு பெரிய நாட்டில் முன்பின் தெரியாத இருவருக்கு நடுவே வெறும் 5 பேர். இந்த முடிவு 1969இல் வெளியானது.

நின்று போன கடிதங்கள்

மீதிக் கடிதங்கள் என்ன ஆயின? 79 பேர் முதல் படியிலேயே கடிதத்தை அனுப்பவில்லை. 153 கடிதங்கள் நடுவழியில் நின்று போயின. கடிதத்தை வாங்கியவர் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. அதனால் சங்கிலி அறுந்தது. ஒரு கண்ணி விட்டால் சங்கிலியே போச்சு.

மில்கிராம் இன்னொரு சோதனையிலும் பங்கு கொண்டார். அது 1970இல் வெளியானது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் வெள்ளையர்கள் நியூயார்க் நகருக்குக் கடிதம் அனுப்பினார்கள். பெறுபவர்களில் பாதிப் பேர் வெள்ளையர். பாதிப் பேர் கறுப்பினத்தவர். வெள்ளையருக்கு அனுப்பியதில் 100க்கு 33 கடிதங்கள் சேர்ந்தன. கறுப்பினத்தவருக்கு அனுப்பியதில் 100க்கு 13தான் சேர்ந்தன.

ஏன் இந்த வேறுபாடு? இரண்டு பிரிவினரும் ஒரே நாட்டில் வாழ்ந்தார்கள். ஆனால் நெருங்கிப் பழகவில்லை. நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரில் கடிதங்கள் முட்டி நின்றன. நம் ஊர்களிலும் சாதி, மதம் என்று சுவர்கள் உண்டு. சுவர் இருக்கும் இடத்தில் செய்தி நின்று விடும். உதவியும் நின்று விடும்.

எப்போதாவது பார்ப்பவர்

மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் 1973இல் ஒரு கட்டுரை எழுதினார். பாஸ்டன் அருகே புதிய வேலைக்கு மாறியவர்களை அவர் விசாரித்திருந்தார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், "அவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள்?" என்று கேட்டார். "அடிக்கடி பார்ப்பேன்" என்றவர்கள் 100க்கு 17 பேர்தான். மற்ற 83 பேரும் எப்போதாவது பார்ப்பவர் மூலம் வேலை பெற்றவர்கள்.

இது வியப்பாக இருக்கிறதா? காரணம் எளிது. நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். எப்போதாவது பார்ப்பவர் வேறு ஆட்களோடு பழகுகிறார். அவருக்குத் தெரிந்தது நமக்குப் புதிது.

பேருந்தில் பழகியவர், மகளின் பள்ளி ஆசிரியை, பழைய முதலாளி, வெளியூர்ச் சம்பந்தி. இவர்கள் மூலம் ஒரு நல்ல மருத்துவரை அறியலாம். தொழில் பயிற்சி எங்கே நடக்கிறது என்று கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம். கேட்டால்தான் முதல் கண்ணி உருவாகும்.

ஒரு எச்சரிக்கை. இதே வழியில் வதந்தியும் பரவும். நான்கு கை மாறி வந்த செய்தியை உடனே நம்பக் கூடாது. விசாரித்த பிறகே அடுத்தவரிடம் சொல்ல வேண்டும்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் மாவட்ட ஆட்சியருக்கும் உங்களுக்கும் நடுவில் எத்தனை பேர் இருப்பார்கள்? அவர்களின் பெயர்களை எழுதிப் பாருங்கள்.

2. உங்களுக்குத் தெரிந்தவர்களில் வேறு தெரு, வேறு சாதி, வேறு மதம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்?

3. யாராவது உங்களிடம் உதவி கேட்டு, அது உங்களோடு நின்று போனது உண்டா? இன்று அதை யாரிடம் சொல்லலாம்?