சேமலாப நிதியை 50 வயதிலேயே எடுப்பதா?

இராணுவத்தில் உரிய காலம் சேவை செய்தவருக்கு ஆயுள் முழுதும் மாத ஓய்வூதியம் வரும். வலப்பனையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அது இல்லை. அவர் முதுமைக்கு ஊழியர் சேமலாப நிதியே பெரிய பிடிமானம். அவருடைய 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமும் அதில் சேர்கின்றன. பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அதைக் கோரலாம். கோரலாம் என்பதற்காக அன்றே எடுத்துவிட வேண்டியதில்லை. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, இன்று 50 வயதாகும் ஒருவரை வயதைக் காரணம் காட்டி 60க்கு முன் ஓய்வில் அனுப்ப முடியாது. சம்பளம் வரும் அந்தப் பத்து ஆண்டுகளும் நிதி வட்டியோடு வளரட்டும்.

விலைவாசி ஏறும்போது கிடக்கும் பணம் தேயாதா என்று கேட்பது நியாயமே. ஆனால், வட்டியில்லாமல் வீட்டுப் பெட்டியில் இருக்கும் பணம் இன்னும் வேகமாகத் தேயும். கேட்டு வரும் உறவுகளுக்கு இல்லை என்று சொல்வதும் கடினம். நகை அடகு வட்டி நிதியின் வட்டியை மிஞ்சினால் மட்டும் கணக்கு மாறும். அப்போது எடுத்துக் கடனை அடைப்பதே சரி. பணிக்கொடை இதிலிருந்து வேறு: ஐந்து ஆண்டு சேவை முடித்த நாட்சம்பளக்காரருக்கு, விலகும்போது ஆண்டுக்கு 14 நாள் சம்பளம். எதைத் தெரிவு செய்தாலும், நிதிக் கணக்கிலுள்ள பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்துகின்றனவா என்று இப்போதே பாருங்கள்.