எஞ்சின் ஆயில் குடிக்கிறதா? பிரிக்குமுன் சோதியுங்கள்

கிணற்று டீசல் எஞ்சின் நீலப் புகை விட்டால், "லைனர் தேய்ந்துவிட்டது, பிஸ்டன், ரிங் எல்லாம் மாற்ற வேண்டும்" என்று பட்டறையில் கூறுவது வழக்கம். பயிர் வாடும் நேரத்தில் உழவர்கள் கடன் வாங்கியாவது இவற்றை மாற்றிவிடுகின்றனர். ஆனால் எல்லாப் புகைக்கும் லைனர் காரணம் அல்ல. கீழ்க்கண்ட சோதனைகளை முதலில் செய்து பார்க்க வேண்டும்.

புகையின் நிறம்

கரும்புகை வந்தால் டீசல் முழுவதும் எரியவில்லை என்று பொருள். காற்று வடிகட்டி அடைப்பு, நாசில் பழுது, அதிகப் பளு ஆகியவை இதற்குக் காரணம். வெண்புகை, டீசல் எரியாமல் ஆவியாக வெளியேறுவதையோ சிலிண்டரில் நீர் கசிவதையோ காட்டும். நீலப்புகை மட்டுமே ஆயில் எரிவதன் அடையாளம்.

ஆயில் செலவை அளத்தல்

எஞ்சினை நிறுத்திக் கால் மணி நேரம் கழித்து, அளவுகோலின் மேல்குறி வரை ஆயில் ஊற்றவும். 50 மணி நேரம் ஓட்டியபின், மீண்டும் அதே குறிக்கு வர எவ்வளவு ஆயில் தேவைப்படுகிறது என்று அளக்கவும். டீசலில் நூற்றில் ஒரு பங்கு வரை ஆயில் செலவாவது பொதுவாக இயல்பே. 5 குதிரைத்திறன் எஞ்சின் மணிக்குச் சுமார் 1 லிட்டர் டீசல் எடுத்தால், 50 மணிக்கு அரை லிட்டர் ஆயில் செலவாகலாம். ஒன்றரை லிட்டர் ஆனால் கோளாறு உண்டு. ஆயில் வெளியே கசிகிறதா என்றும் பார்க்கவும்.

செலவின்றித் தீரும் காரணங்கள்

1. ஆயில் மேல்குறிக்கு மேல் இருத்தல்.
2. காற்று வடிகட்டிக் கிண்ணத்தில் குறிக்கு மேல் ஆயில் ஊற்றியிருத்தல். அந்த ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துவிடும்.
3. கிராங்க் அறையின் பிரீதர் அடைபட்டிருத்தல்.
4. தரம் குறைந்த, நீர்த்த ஆயில்.

லைனர் மாற்ற முன்பணம் கொடுத்துவிட்டு வந்த ஓர் உழவரின் எஞ்சினைப் பார்த்தேன். குறை இரண்டாவதுதான். அதிகப்படி ஆயிலைக் கொட்டியதும், இரண்டு நாளில் புகை நின்றது.

அழுத்தச் சோதனை

டீசலை அடைத்துவிட்டு, பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றவும். அழுத்தம் நன்றாயிருந்தால் பிளைவீல் எதிர்த்துப் பின்னுக்குத் திரும்பும். எதிர்ப்பின்றிச் சுற்றினால், 'உஸ்' என்ற ஓசை எங்கே கேட்கிறது என்று கவனிக்கவும். காற்று வடிகட்டியில் கேட்டால் உள்வால்வு. சைலன்சரில் கேட்டால் வெளிவால்வு. பிரீதரில் கேட்டால் ரிங் அல்லது லைனர்.

அடுத்து, நாசிலைக் கழற்றி ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு, நாசிலை மாட்டி, மீண்டும் சுற்றவும். எதிர்ப்பு கூடினால் ரிங், லைனர் தேய்மானம். கூடாவிட்டால் வால்வுக் கசிவு. ஒரு கரண்டிக்கு மேல் விடக் கூடாது. எரியறை சிறியதாகையால், அதிக ஆயில் இடத்தை அடைத்து நம்மை ஏமாற்றிவிடும்.

அழுத்தம் நன்றாயிருந்தும், காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப்புகை வந்து பிறகு குறைந்தால், வால்வு கைடைச் சந்தேகிக்கலாம்.

பிரித்தபின் அளத்தல்

ரிங் கரி பிடித்துக் காடியில் ஒட்டியிருந்தால், லைனர் நன்றாயிருக்கக்கூடும். ஒரு ரிங்கை லைனரின் தேயாத அடிப்பகுதியில் நேராக வைத்து, அதன் வாய் இடைவெளியை பீலர் கேஜால் அளக்கவும். அதே ரிங்கை, மேலே நகத்துக்குத் தட்டும் விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்து அளக்கவும். இரண்டின் வித்தியாசத்தை 3.14 ஆல் வகுத்தால் விட்டத்தின் தேய்மானம் கிடைக்கும். கீழே 0.35 மி.மீ., மேலே 0.98 மி.மீ. எனில் வித்தியாசம் 0.63, தேய்மானம் 0.20 மி.மீ. இதை எஞ்சின் கையேட்டிலுள்ள எல்லையுடன் ஒப்பிடவும். லைனர் முட்டை வடிவமாகத் தேய்ந்துள்ளதா என்பதைப் பட்டறையில் போர் கேஜால் இரு திசையிலும் அளக்கச் சொல்ல வேண்டும். தேய்ந்த லைனரில் புது ரிங் மட்டும் போட்டால், அது விளிம்பில் இடித்து உடையலாம்.

காரணத்தை நீக்குங்கள்

காற்று வடிகட்டி வழியே நுழையும் தூசியும், கிணற்று நீர் அளவுக்கு மீறி எஞ்சினைக் குளிரச் செய்வதும் லைனரைத் தின்பவை. வெளியேறும் நீர் கை பொறுக்கும் சூட்டின் எல்லையில் இருக்குமாறு வால்வைத் திருகி வைக்கவும். இவற்றைச் சரிசெய்யாவிட்டால் புது லைனரும் விரைவில் தேயும்.

அளவைக் கேட்டுக் குறித்துக்கொண்டபின் பணம் கொடுங்கள். கழற்றிய பழைய லைனரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.